கைக்கு எட்டாத நட்டு

"கை ஒடிஞ்ச பொம்பளைய காருக்குப் பக்கத்துல படுக்க வெச்சிருக்காரே! இந்த மனுசனுக்கு இன்னா ஆச்சு?"

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பிரேமா, பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்துவிட்டு வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

பக்கத்து வீட்டுப் பூவராகவன் என்றால் கவரைப்பேட்டையில் அந்தத் தெருவுக்கே ஒரு மரியாதை. பதினோரு மாதத்துக்கு முன்னால் அவர் மனைவி திலகவதி ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு ஒடிந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். அன்றிலிருந்து சமையல், பாத்திரம், துணி எல்லாம் அவர்தான். ஒரு டம்ளரைக்கூட மனைவியைத் தூக்க விடமாட்டார். 'புருஷன்னா அவரு மாதிரி இருக்கணும்' என்று பிரேமா தன் வீட்டுக்காரரிடம் சொல்லாத நாளில்லை.

அந்த மனுஷனா இப்படி?

விறுவிறுவென்று இறங்கி வந்தாள். அவர்களுடைய பழைய கார், முன்சக்கரம் ஒன்று கழற்றப்பட்டு ஸ்டாண்டில் நின்றது. திலகவதி பழைய பாயில் ஒருக்களித்துப் படுத்து, சக்கரம் இருந்த இடுக்கில் கையை விட்டிருந்தாள். பூவராகவன் மேலே பானட்டுக்குள் தலையை விட்டிருந்தார்.

"இன்னாண்ணா இது? மெக்கானிக்காண்ட உட்டா ஆவாதா?"

"ஆல்டர்னேட்டர் போயிடுச்சும்மா. ஒரு வாரமா பேட்டரி சார்ஜே ஏறல. தெரிஞ்சவரு ஒருத்தராண்ட வேற வாங்கியாந்துட்டேன். ஆனா கீழ் போல்ட்டோட நட்டு எஞ்சினுக்குப் பின்னால கீது. கண்ணுக்கே தெரியாது. என் கை பாதியிலயே நின்னுடுது."

"அக்காவுது ஆபரேஷன் பண்ண கைண்ணா!"

"அதான் இளைச்சுப் போய், உள்ள உடறதுக்கு வாட்டமா கீது" என்றார் அவர், சிரிக்காமல்.

பிரேமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏதாவது ஆனால் தூக்கவாவது ஆள் வேண்டுமே என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நட்டு கெடைச்சுதா திலகா?"

"இல்லீங்க. விரலு நடுங்குது. என்னால ஆவாது, வுட்டுடுங்க."

அவள் கையை வெளியே இழுத்துக்கொண்டாள். அவர் பானட்டிலிருந்து தலையை வெளியே எடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சிப்காட்ல என் ஸ்க்ரூவு மெஷினுக்குள்ள வுழுந்தப்பல்லாம் யாரு எடுத்துக் குடுத்தா?"

"வுழுந்துச்சா, நீங்க போட்டீங்களா?"

அவர் வெடித்துச் சிரித்தார். பிரேமா புரியாமல் பார்த்தாள்.

"உனக்குத் தெரியாது பிரேமா" என்றாள் திலகவதி. "கும்மிடிப்பூண்டி சிப்காட்ல நாங்க வேலை பார்த்த கம்பெனி அப்ப சின்னது. ஆல்டர்னேட்டருக்குக் காயில் சுத்துற எடத்துல நான். இவரு ஃபிட்டரு. வாரத்துக்கு நாலு தபா மெஷினுக்குள்ள ஸ்க்ரூவைப் போட்டுட்டு, என் கை போவல, கொஞ்சம் எடுத்துக் குடும்மான்னு வந்து நிப்பாரு."

"அப்பாவுன்னு பேரு வெச்ச ஒரு சூப்பர்வைசரு" என்றார் பூவராகவன். "டேய், ஸ்க்ரூவு இப்டி வழுக்குதே, எண்ணெய் உன் கையிலயா மனசுலயான்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு."

"நான் கைய உள்ள உடறப்போ கண்ணாடி வளையலக் கழட்டி இவராண்ட குடுப்பேன். ஒரு நாளு ரெண்டைத் திருப்பியே தரல."

"பீரோவுல கீது."

"இன்னுமா?"

அவர் ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார். அவள் முகத்தில் அந்தப் பழைய கம்பெனி நாட்கள் வந்து போனது பிரேமாவுக்கே தெரிந்தது. படியில் விழும் வரைக்கும் அங்கேதான் வேலை பார்த்தாள். இந்தக் கை இனி எதுக்கும் ஆகாது என்று தானாகவே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள்.

அவள் மறுபடி கையை உள்ளே விட்டாள்.

"ஆங்… கெடைச்சிடுச்சு. ஸ்பேனரக் குடுங்க. நான் புடிச்சிக்கினு கீறேன், நீங்க போல்ட்டத் திருப்புங்க."

பழையது வெளியே வந்தது. புதியதை உள்ளே தூக்கி வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த நட்டை விரல் நுனியாலேயே தேடிப் பொருத்தி, மரை பிடிக்கிற வரைக்கும் திருப்பினாள். மூன்று தடவை நழுவியது. நான்காவது தடவை நின்றது. நெற்றியில் வேர்வை, கன்னத்தில் கிரீஸ், முகமெல்லாம் சிரிப்பு.

கார் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது; பேட்டரி விளக்கும் அணைந்தது. திலகவதி கை கழுவ உள்ளே போனாள்.

பிரேமா பொரிந்து தள்ளினாள். "நல்லபடியா முடிஞ்சுது, சரி. அதுக்காக அந்தக் கையாலயாண்ணா வேலை வாங்குவாங்க?"

பூவராகவன் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆல்டர்னேட்டருக்கு ஒண்ணும் இல்லம்மா. அதோட ஒயர நான்தான் உருவி உட்டேன். எலும்பு எப்பவோ கூடிடுச்சு, பயம்தான் போவல, கைக்கு வேலை குடுங்கன்னு டாக்டரு ஆறு மாசமா சொல்றாரு. அமுக்கிப் பழகப் பந்து வாங்கிக் குடுத்தேன், தொடல. எனக்கு ஒரு வேலை ஆவணும்னா செய்வான்னு தோணிச்சு."

பிரேமா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சமையலறையில் திலகவதி வலது கையால் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். அவளாகவே பேசினாள்.

"பழைய ஆல்டர்னேட்டர் வெளிய வந்ததும் மோந்து பார்த்தேன் பிரேமா. காயில் எரிஞ்ச வாசனையே இல்ல. அத்தினி வருஷம் சுத்துனவளுக்குத் தெரியாதா? அது நல்லாத்தான் கீது."

"தெரிஞ்சுமா புதுச மாட்ட மறுபடி கைய உட்டீங்க?"

டம்ளரைப் பிரேமாவிடம் நீட்டினாள் திலகவதி.

"கை ஒடிஞ்சதுலேர்ந்து அந்த மனுசன் என்னாண்ட உதவின்னு ஒண்ணு கேட்டதே இன்னிக்குத்தான்."