ஐந்து சிவப்பு வயர்கள்

“கழட்டுங்க. ஒண்ணு விடாம எல்லா வயரையும் கழட்டுங்க” என்றார் முதலாளி.

மெக்கானிக் பானெட்டுக்குள் குனிந்தார்.

சுண்டுவிரல் தடிமனில் ஐந்து சிவப்பு வயர்கள். பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து கிளம்பி, இன்ஜின் தலையில் ஒன்று, ஆல்டர்னேட்டரில் ஒன்று, கியர்பாக்ஸில் ஒன்று, பாடியில் இரண்டு என்று ஓடின. பழைய இன்ஜினுக்கு நடுவில் அவை மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவை போலப் பளபளத்தன.

எர்த் கிட் என்று அட்டைப்பெட்டியில் விற்கிறார்கள். போட்டால் வண்டி நன்றாக இழுக்கும், மைலேஜ் கூடும், லைட் பளிச்சென்று எரியும், பாட்டுகூடத் தெளிவாகக் கேட்கும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கும்.

அதை வாங்கிப் போட்டவன் டிரைவர். சொந்தக் காசில்.

அதுதான் முதலாளிக்கு உறுத்தியது. அடுத்தவன் வண்டிக்கு எவன் கைக்காசைப் போடுவான்?

கிளட்ச் மாற்றி வண்டி திரும்பியதிலிருந்து, ஆறு வாரமாகவே அவருக்கு டிரைவர் மேல் ஒரு கண். மதியம் சாப்பிட வீட்டுக்கு வண்டியை எடுத்துப்போவான். திரும்பும் நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று போன் வரும். சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுகிறான் என்றே அவர் நினைத்தார்.

இதற்காக இரண்டு முறை வண்டி மறுபடி இந்தப் பட்டறைக்கு வந்தது. இரண்டு முறையும் மெக்கானிக் சாவியைத் திருப்பியதும் சமர்த்தாகக் கிளம்பியது. குறை ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்.

கிட் போட்ட பத்து நாளாக ஒரு போனும் இல்லை.

நாடகத்தை மரியாதையாக முடித்துக்கொள்ள அவனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்றார் முதலாளி. கிட்டைக் கழற்றியும் வண்டி கிளம்பினால் இன்றோடு அவன் வீட்டுக்குப் போகலாம். பதினொரு வருடமாக அந்தச் சாவி அவன் கையில் இருந்தது.

“அண்ணே, நீங்களாவது நம்புங்கண்ணே” என்றான் டிரைவர். “சிக்னல்ல அணைச்சிட்டு, மறுபடி கிளம்பாம நடு ரோட்டுல நின்னப்ப பின்னாடி வந்தவன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். அந்த வயரப் போட்ட பிறகுதான் நிம்மதியா இருக்கேன்.”

மெக்கானிக் அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. “கம்பெனிக்காரன் போட்ட எர்த் ஒழுங்கா இருந்தா இதெல்லாம் எதுக்குப்பா? ஓட்டையே இல்லாத வாளிக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு.”

கிட் விற்பவனிடம் இவனுக்குக் கமிஷன் இருக்குமோ என்றுகூட மெக்கானிக்குக்குத் தோன்றியது.

ஐந்து வயர்களும் கழன்று தரையில் கிடந்தன. டிரைவரை நம்பாமல் முதலாளியே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அவர் இன்ஜினை அணைத்தார். “நாளையிலருந்து நீ வர வேண்டாம்” என்றார், கண்ணாடியைப் பார்த்தபடியே.

டிரைவர் கதவைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தான். துடைக்கும் துணியை எடுத்தான். முதுகுக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

கழற்றிய போல்ட் ஒன்று வண்டிக்குக் கீழே, நின்று வேலை செய்யும் குழிக்குள் விழுந்திருந்தது. அதை எடுக்க மெக்கானிக் இறங்கினார். டார்ச் வெளிச்சம் தற்செயலாக மேலே பட்டது.

கியர்பாக்ஸையும் பாடியையும் இணைக்கக் கம்பெனியிலேயே போட்டு அனுப்பும் பின்னல் எர்த் பட்டை. அதன் ஒரு முனை போல்ட் இல்லாமல், மேலே தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. நுனி மட்டும் கியர்பாக்ஸ் மேல் சும்மா சாய்ந்திருந்தது.

அது தொட்டுக்கொண்டிருந்தால் வண்டி கிளம்பும். குண்டும் குழியுமான தெருவுக்குள் போய் விலகிவிட்டால் கிளம்பாது. கிட் இருந்தவரை பட்டையின் வேலையை அந்த வயர்கள் பார்த்துக்கொண்டன.

அவர் டார்ச்சை அணைத்தார். மேலே டிரைவரின் செருப்புச் சத்தம் வாசல் பக்கம் நகர்ந்தது.

“சார்” என்றார் குழிக்குள்ளிருந்து. “இன்னொரு தடவை செல்ஃப் அடிங்க.”

“அதான் கிளம்பிடுச்சே?”

“ஒரு சந்தேகம் சார். அடிங்க.”

இரண்டு விரலால் பட்டையின் நுனியைப் பிடித்து விலக்கினார்.

டிக்.

முதலாளி மறுபடி திருப்பினார். டிக். மறுபடி. டிக்.

செருப்புச் சத்தம் நின்றது.

“அவன் சொன்னது நிஜம் சார். கிட் இல்லாம இது எங்கேயாவது நிக்கும்.”

மேலே முதலாளி இருமினார். “அப்போ அது நல்ல சாமான்தானா?”

“இந்த வண்டிக்கு நல்லது.”

“வீட்டுல இருக்கிற ரெண்டு வண்டிக்கும் சேர்த்துப் போட்டுடுங்க.”

மெக்கானிக் இருட்டில் பட்டையின் முடிச்சைத் தேடினார்.

முதலாளி இறங்கி, முகத்தைப் பார்க்காமல் சாவியை டிரைவரிடம் நீட்டினார். டிரைவர் முதலில் தலையணையை இருக்கையில் வைத்தான். அப்புறம்தான் சாவியை வாங்கினான்.

பிறகு குழியின் விளிம்பில் மண்டியிட்டுக் கையைக் கீழே நீட்டினான்.

“நீங்க ஒருத்தர்தாண்ணே என்னை நம்புனீங்க. மேல வாங்க.”

“இரு, வரேன்.”

மெக்கானிக் பட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும்போது பட்டை அறுந்துவிடாமல் இருக்க இப்படித் தூக்கிக் கட்டுவார்கள். வேலை முடிந்ததும் அவிழ்த்து போல்ட் போட வேண்டும். எல்லாப் பட்டறையிலும் கம்பியால்தான் கட்டுவார்கள்.

அவர் கையில் வந்தது துணி. நீலக் கட்டம் போட்டது. அவர் மகளின் பழைய பள்ளிச் சீருடையிலிருந்து, அவரே கிழித்தது.

டிரைவரின் கை இன்னும் நீண்டபடியே இருந்தது.