ஹால் திரை

படுப்பவரின் வயிற்றுக்குள்ளே ஸ்கேன் படம் பிடிக்கும் மெத்தை வீட்டுக்கு வந்த அன்றே, எல்லார் படமும் ஹால் திரையில் தெரியட்டும் என்று அமைத்தவள் சௌமியாதான். குடும்பத்துக்குள் என்ன ஒளிவுமறைவு?

வயிற்று வலி வந்ததும் மகள் இதழினி மெத்தையை விட்டுத் தரையில் படுக்கத் தொடங்கினாள். "பீரியட்ஸ்தான்மா" என்றாள். மயங்கி விழுந்த பிறகே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். குடல்வால் வெடித்து உள்ளே சீழ் பரவியிருந்தது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தவள், "ஆஸ்பத்திரில எடுத்த ஸ்கேன் படத்தை அப்பா பாத்துட்டாரா?" என்றாள்.

"பாத்தா என்னடி கண்ணு?"

"நாள் தள்ளிப்போச்சும்மா. மெத்தையில படுத்தா வேற ஏதாவது தெரிஞ்சிடுமோன்னு பயந்துட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வெறும் குடல்வால்தான்."

இதழினி நிம்மதியாக அழுதாள்.

சீழ் கருக்குழாய்களைக் கெடுத்துவிட்டது, இனிப் பிள்ளை உண்டாவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதை சௌமியா சொல்லவில்லை. மகள் வீடு திரும்பி மெத்தையில் படுத்து, அடுத்த ஸ்கேன் படம் ஹால் திரைக்குப் போகுமுன், போனை எடுத்து அந்த இணைப்பைத் துண்டித்தாள்.