படியில் ஒரு ஜோடிச் செருப்பு

ஊற்றுக் கட்டடத்தின் வாசலில் அலி அஸ்கர் பூட்டோடு நிற்கிறார். நாலு மணி வெயில் வண்ணக் கண்ணாடி வழியே இறங்கி, வறண்டு கிடக்கும் தொட்டிக்குள் பச்சையாக விழுகிறது. ஊற்று நின்று நாலு வருடமாகியும் கந்தக வாடை போகவில்லை. சொறி சிரங்கு தீர வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்று குளித்த இடம். முப்பது வருடக் காவலில் அவருக்கு வாசல்படிதான் அடையாளம். படியில் செருப்பு இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. அப்படித்தான் ஒரு தைப்பூசத்துக்கு முந்தின நாள், வெறும் படியைப் பார்த்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரையாக நடப்பவர்கள் செருப்புப் போடுவதில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. மறுநாள் காலை, பூட்டிய இருட்டில் தவறி விழுந்தவளின் பச்சைச் சேலை தொட்டியில் மிதந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து குரல் கொடுக்காமல் அவர் பூட்டுவதில்லை. “உள்ள ஆரும் இருக்கியளா?” என்று இப்போதும் கேட்கிறார். குரல் கூரையில் முட்டித் திரும்புகிறது. அதன் பின்னாலேயே, தண்ணீரை யாரோ கையால் அளைவது போல ஒரு சத்தம். “ஆரு இருக்கப் போறா அண்ணாச்சி? பூட்டுங்க, காலையில இடிக்க வந்துருவாவ” என்கிறாள், சாவி வாங்க வந்திருக்கும் பேரூராட்சி அலுவலகத்து ரெனிஷா. “ஒனக்குச் சத்தம் கேக்கலியாம்மா?” “என்ன சத்தம்?” அவர் பூட்டிச் சாவியைக் கொடுக்கிறார். பிறகு தன் செருப்பைக் கழற்றி, கதவைப் பார்த்தாற்போலப் படியில் ஜோடியாக வைத்துவிட்டுக் கொதிக்கும் தார்ச்சாலையில் இறங்குகிறார். “அண்ணாச்சி, செருப்ப விட்டுட்டுப் போறியளே!” அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “கெடக்கட்டும்மா. நாளைக்கு வாரவன் ஒரு சத்தம் குடுத்துட்டு இடிப்பாம்லா.”