கண் சிமிட்டும் விதி

இணைய விற்பனைத் தளத்தில் கட்டணத்தை ஏற்றினார்கள். கூடவே ஒரு புது விதி: கணக்கு யார் பெயரிலோ, அவர் கேமரா முன் கண் சிமிட்டினால்தான் பணம் வரும். எங்கள் துணிப்பைக் கடை மனைவி பெயரில். பணம் நின்றது. தைத்துக் கொடுத்த அக்கா கூலிக்காக வாசலில் நின்றார்.

உதவி மையத்துக்குப் போன் செய்தேன்.

"மேடமை கேமரா முன்னாடி வரச் சொல்லுங்க சார்."

"வர மாட்டா."

"கோவமா இருக்காங்களா?"

"பேசியே ஆறு மாசமாச்சு."

"எங்க வீட்லயும் இதே கதைதான் சார். இறங்கிப் போய் ஒரு சாரி சொல்லுங்க."

"சொல்லிட்டேன்."

"அப்போ அவங்க பேர்ல அரசாங்கச் சான்றிதழ் எதாச்சும் இருந்தா அனுப்புங்க."

இருந்ததை அனுப்பினேன்.

மறுநாள் மனைவியின் மின்னஞ்சலுக்கு ஒரு பதில் வந்தது.

"அன்புள்ள விற்பனையாளரே, உங்கள் இறப்புச் சான்றிதழ் கிடைத்தது. அது உங்களுடையதுதான் என்பதைக் கேமரா முன் கண் சிமிட்டி உறுதி செய்யவும்."