மாப்பிள்ளைக் கொசு

அலுவலகத்தில் அவருக்குக் கொசுத் தரகர் என்று பேர்.

தப்பில்லை. ஆய்வகத்தில் மாற்றி வளர்த்த ஆண் கொசுக்களை வாரத்துக்கு எத்தனை ஆயிரம் தெருவில் விட்டால், எத்தனை வாரத்தில் காய்ச்சல் குறையும் என்று கணக்குப் போடுவதுதான் அவர் வேலை. மாப்பிள்ளைகள் கடிக்க மாட்டார்கள். அவர்களோடு சேர்ந்த பெண் கொசு இடும் முட்டையும் பொரியாது.

ஆறு தெருவில் கணக்கு அச்சுப் பிசகாமல் பலித்தது. ஏழாவது தெருவில் காலை வாரிவிட்டது. அதுவும் அவர் குடியிருக்கிற தெரு. ஒரு வாரம் உயிரோடு இருக்க வேண்டிய மாப்பிள்ளைகள் ரெண்டே நாளில் மாயம். மனுஷனுக்கு மானம் போனது.

பெட்டி பெட்டியாகக் கொசுவைக் கொண்டுபோய் விடுவது பெட்டியக்கா. அவள்தான் தெருப்பக்கமே போகாமல் டபாய்க்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். கொசு மருந்து அடிக்கும் வீடுகளை எழுத, அவள் நிரப்பும் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. அதைக் கழித்துத்தான் அவர் கணக்கே. மற்ற தெருக்களுக்கு வீட்டு எண் எழுதியிருந்தவள், ஏழாவதுக்கு மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

வேலையை விட்டுத் தூக்கச் சொல்லிக் கடிதமே அடித்துவிட்டார். அந்த வேலையில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது அவருக்கும் தெரியும். அனுப்புவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டார்.

தினமும் போவதாகத்தான் சொன்னாள்.

"அப்ப மருந்து அடிக்கிற வீடு ஒண்ணுகூடவா உங்க கண்ணுல படலை?"

அவள் தரையைப் பார்த்தாள். "ஒரு வீடு இருக்கு சார். வாரம் ரெண்டு தடவை, மத்தியானத்துல, ஆள் வச்சுப் புகை அடிக்கிறாங்க. தெருமுனை வரைக்கும் போகுது."

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. மருந்து அடித்தால் மாப்பிள்ளைகளும் செத்துப்போவார்கள் என்று கூட்டம் போட்டு, வீடு வீடாக ஏறி இறங்கி, படித்துப் படித்துச் சொன்னவர் அவர்.

"அறிவுகெட்ட குடும்பம். அதை எழுதறதுக்கு உங்களுக்கு என்ன கேடு? உங்க வேலையே போயிருக்கும், தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா அந்தக் காகிதம் பெரிய ஆபீசர் வரைக்கும் போகுதே. பாவம், அவங்க வீட்டு மானம் போயிடும்னுதான் விட்டுட்டேன்."

"மாப்பிள்ளைங்களைப் புகை போட்டுக் கொல்ற குடும்பத்துக்கு என்னம்மா மானம்? நம்பரைச் சொல்லுங்க."

பெட்டியக்கா அறைக்கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தாள்.

"உங்க வீட்டம்மாதான் சார். உங்க கணக்கை நம்பிப் புள்ளைங்களை விட முடியாதாம்."