பொன்னாடைக்கு வந்த வாழையிலை

கிட்ட வந்து உட்காருங்கள். கதை சின்னது, தள்ளி உட்கார்ந்தால் கேட்பதற்குள் முடிந்துபோகும்.

மழை பொய்த்த வருஷம். பசித்தவர்களுக்குத் தினம் ஒரு பானை களி போடச் சொன்னது சிங்க ராஜா. அதைக் கவனிக்க ஓர் ஆலோசனைக் குழுவும் போட்டது. எருமை தலைவர், கழுதை உறுப்பினர். எருமை பானை மூடிமேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, களியை உருட்டிக் கொடுப்பதா தட்டிக் கொடுப்பதா என்று மூணு நாளாக ஆலோசித்தது.

தன் ஏழு குஞ்சுகளும் பசியில் சுருண்டு கிடக்க, ஒரு கோழி எருமையிடம் ஓடி வந்தது.

"ஐயா, மூடியை மட்டும் திறங்களேன்!"

"அட போம்மா! அது அடுத்த கூட்டத்துலதான்," என்றது எருமை.

நாலாம் நாள், பழுத்து மஞ்சளான வாழையிலை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தது கோழி. "குழுவுக்குப் பொன்னாடை போர்த்த வந்திருக்கேனுங்க. ஒண்ணுதான் கிடைச்சுது. யாருக்குப் போர்த்தட்டும்?"

"தலைவருக்குத்தான்!" என்றது எருமை.

"வயசுல மூத்தவன் நான்யா!" என்று எகிறியது கழுதை.

"என்னய்யா சொன்னே?" என்று எருமை மூடியிலிருந்து காலை எடுத்துக் கழுதையை முட்டப் போனது.

கோழி மூடியைத் தள்ளியது. பொன்னாடையைத் தரையில் விரித்தது. களியைக் கொத்திக் கொத்தி அதில் போட்டு, "வாங்கடா கண்ணுங்களா!" என்று குஞ்சுகளைக் கூப்பிட்டது.