மஞ்சள் கோடு

"எம்பதத் தாண்டுனா ஹேண்டில் கிடந்து ஆடுதுண்ணே! பைக் வாங்கி மூணு வாரம்தான் ஆகுது. நேத்து ஒரகடம் ரோட்டுல லாரிக்கு அடியில போயிருப்பேன்!" இசக்கிபாண்டி படபடத்தான்.

படப்பை மெக்கானிக் நாகப்பன் டயரைப் பார்த்தார். அதில் குறையில்லை. முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். 'டொக் டொக்' என்றது.

"இத்த பாரு தம்பி. ஹேண்டிலுக்குக் கீழ பெரிய நட்டு லூஸா கீது."

"ஓடி ஓடித் தளந்துட்டோ?"

"தளரல. கம்பெனில டைட் பண்ணதும் நட்டு மேலயும் பாடி மேலயும் சேத்து ஒரு கோடு போடுவாங்க. நட்டு தளந்தா கோடு வெலகும். இங்க கோடு நேரா கீது. டைட்டே பண்ணாம கோடு மட்டும் போட்டுக்கிறான். அவனையே இதுல ஏத்தி நூறுல ஓட்ட வுடணும்!"

இசக்கிபாண்டி குனிந்து பார்த்தான். மஞ்சள் கோட்டின் முனையில் சின்னதாக ஒரு கொக்கி இருந்தது. அவன் முகம் வெளுத்தது.

"ஷோரூம்ல போய் நல்லா கத்து," என்றார் நாகப்பன்.

அவன் செல்லை எடுத்தான்.

"சூப்பர்வைசர் சார், இசக்கிபாண்டி பேசுதேன். போன மாசம் ஓவர்டைம் அன்னைக்கு லைன் வேகத்துக்கு ஈடுகுடுக்க முடியாம, கொஞ்சம் வண்டிக்குக் கோடு மட்டும் போட்டு விட்டுட்டேன் சார். அந்த வண்டிய யாரும் ஓட்டாம உடனே நிறுத்தச் சொல்லுங்க... நான் போடுத கொக்கிக் கோட்டோட ஒண்ணு எங்கிட்டயே வந்துட்டு."